கெலிஓயாக் கடையின் காந்தப் பெட்டி

நானா,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உலகமே காந்தத்துக்கு அலையப் போகிறது, கொழும்பிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு கெலிஓயாவுக்கு வருவார்கள் என்று சொன்னவன் நான். போன செவ்வாய்க்கிழமை வந்தேவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரைக் கழற்றும்போது பசையும் தூசியும் கலந்து ஒரு வாசம் வருமே, அது இன்னும் என் விரலில் இருக்கிறது. இரண்டு தடவை சவர்க்காரம் போட்டும் போகவில்லை. அதை மோந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பழைய இரும்புக் கடையில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்து என்னை ரேடியோ திருத்த வைத்தீர்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து வந்தவனுக்கு அது பெரிய இடம். சொந்த அண்ணன் போல நடத்தியதால்தான் உங்களை நானா என்று கூப்பிட்டேன். மற்றக் கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தியலால் நொறுக்கி இரும்போடு எறிவார்கள். நீங்கள் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, உள்ளே இருக்கும் பிறைத்துண்டு மாதிரியான காந்தத்தை நோகாமல் எடுப்பீர்கள். தகரப் பேணியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று, நான் கொண்டுவந்த மரத் தேயிலைப் பெட்டியில் பலகை வைத்து அடுக்குவீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து, எந்த ஒஃபிஸிலிருந்து வந்தது என்று அட்டையில் எழுதிச் செருகுவீர்கள்.

“இதுக்குமா நானா எழுதுறீங்க?” என்றால், “எங்கேந்து வந்த சாமான்னு தெரியாட்டி அது களவு சாமான் போலதான்” என்பீர்கள்.

ஒருநாள் உதவி செய்வதாக நினைத்து, ஸ்பீக்கர்களில் கழற்றிய மலிவான கறுப்புக் காந்தங்களையும் அதே பெட்டியில் கொட்டிவிட்டேன். “அடேய் அந்தோனி, புரியாணிக்குள்ள பாணப் பிச்சுப் போட்டீக்கியே!” என்று கத்தினீர்கள். பிரித்தெடுக்க இரண்டு நாள் பிடித்தது. அதில் ஒட்டிக்கொண்ட இரண்டைப் பிரிக்க ஆறு பேர் இழுத்தோம். அந்நேரம் ரோட்டில் போன கம்பளை பஸ்கூடக் கடைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் போனது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த வாரம், உங்கள் மகள் பர்ஹானா கடையை மூடத் தீர்மானித்தாள். எல்லாவற்றையும் இரும்பு விலைக்கு வாங்கி ஏற்றிப்போக லொறி வந்து நின்றது. தேயிலைப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். நான் குறுக்கே நின்றேன்.

“மாமா, தள்ளுங்க. வாப்பா இல்லாம இந்தக் கடைய நான் என்ன செய்ய?”

“புள்ள, ஒங்க வாப்பா ஆஸ்பத்திரியில கடைசியா என்ன சொன்னாருன்னு தெரியுமா? ‘அந்தோனி, காந்தப் பெட்டிய யாருக்கும் குடுக்க விடாத, அதத் தேடி ஆள் வரும்’னாரு.”

அவள் அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள். லொறி வெறுமையாகத் திரும்பியது. அதன் பிறகு ஒரு வருடம் அவள் தட்டுத் தடுமாறிக் கடையை நடத்தினாள். உங்களைப் போலவே கழற்றினாள், எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை வேனில் வந்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளை. பழைய சாமானிலிருந்து காந்தம் சேர்த்து அனுப்பும் கம்பனியாம். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் இருப்பது நியோடிமியம் என்றாள். “அதேதான்” என்றேன் நானும்.

“ஐயா, இந்த உலோகத்த மண்ணில இருந்து எடுக்கிறதெண்டா அமிலம் ஊத்தித்தான் பிரிக்கிறவை. அந்தத் தண்ணி வயலையும் ஆத்தையும் கெடுத்துப்போடும். அதாலதான் பழசுல இருந்து எடுத்தத இப்ப கேக்கினம். ஆனா எங்க இருந்து வந்ததெண்டு காட்டவேணும். அதுதான் ஒருத்தரிட்டையும் இல்ல.”

பர்ஹானா பெட்டியைத் திறந்தாள். அந்தப் பிள்ளை உங்கள் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். பிறகு, மாதா மாதம் வருவதாகச் சொன்னாள். கடையை மூட வேண்டியதில்லை நானா. பர்ஹானா அலுமாரிக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “வாப்பா சொன்ன ஆள் வந்துட்டாங்க மாமா” என்றாள். நீங்கள் கடைசியாகச் சொன்னதை அவள் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பஸ் சாய்ந்ததை எல்லாம் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் நீங்கள் காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. லொறியைக் கண்ட பதற்றத்தில் நானாகக் கட்டியது அது. பர்ஹானாவிடம் சொல்லிவிடுவோம் என்று தினமும் கடைக்குப் போகிறேன். அவள் பிளேன்டீ தருகிறாள். சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். ஹந்தானைப் பக்கம் இருண்டிருந்தது. “கொட கொண்டந்தீயா அந்தோனி? மழ வரப் போகுது, நனையாமப் போ” என்றீர்கள். நீங்கள் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான். அதை மட்டும் யாருக்கும் சொல்லாமல் எனக்கென்று வைத்திருக்கிறேன்.