கன்னியம்மா சொன்ன "உள்ளேன் ஐயா"

1961 ஆகஸ்டு, புதன் இரவு

தூக்கம் வரவில்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேனோ?

காது கேளாத கன்னியம்மாவுக்குப் பள்ளி விட்ட பிறகு நான் பேசப் பழக்கி வருகிறேன். என் தொண்டையில் கை வைத்து, உதட்டைப் பார்த்துப் பார்த்து இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை அவள் வகுப்பு வாத்தியார் ஆஜர் கூப்பிட்டபோது, வழக்கம்போல் கையைத் தூக்காமல், "உள்ளேன் ஐயா" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லச் சொன்னது நான்தான். வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்காது. ஆனால் முகங்கள் தெரியுமே. மதியம் அவள் இடம் காலியாக இருந்தது.

பள்ளி விட்டதும் அவள் ஊரான திருப்புலிவனத்துக்கு நடந்தே போனேன். தாயோடு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சி டீச்சரம்மா? வந்ததுலேர்ந்து யார் மூஞ்சியும் பாக்க மாட்டேங்குது," என்றாள் தாய்.

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சேற்றுக் கையோடு அப்படியே நின்றாள்.

"பேசிச்சா? எங்கொயந்தையா? கொரலு எப்டி கீது?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"எனுக்கு ஒருவாட்டி சொல்லச் சொல்லுமா."

கன்னியம்மாவின் எதிரே போய்க் குனிந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கமும் போய் நின்றேன். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நாளிக்கி அனுப்பறேன்," என்றாள் தாய். அனுப்புவாள். கன்னியம்மாவும் வந்து உட்காருவாள். ஆனால் என் உதட்டைப் பார்க்கவே மாட்டேன் என்றால், நான் மன்னிப்புக் கேட்பதைக்கூட அவளிடம் எப்படிச் சொல்வேன்?