மீன் ஏலத்தில் தலையாட்டிய தூதர்

அடியே எஃபுவா, என் கண்ணே,

நீ போய்விட்டாய் என்று உன் மகள் போனில் சொன்னாள். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைவிடச் சில மாதம் இளையவள் நீ. உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்?

உன் நாட்டுப் பேப்பரெல்லாம் உன்னை முதல் பெண் தூதர், முன்னாள் மந்திரி என்று எழுதியிருக்கிறதாம். எனக்கு நீ சிதம்பரத்து ஹாஸ்டல் ரூம்மேட். எழுபதுகளில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியோடு அரசியல் படிக்க வந்து இறங்கியவள். முதல் நாள் மெஸ்ஸில் கத்திரிக்காய் கொத்சுவை வாயில் வைத்ததும், "இது எங்கம்மா செய்யறது!" என்று கத்தினாய். உங்கள் ஊரிலும் கத்திரிக்காயை மசித்துக் குழம்பு வைப்பார்களாம். அந்தச் சாக்கில் என் பங்கையும் நீயே தின்று தீர்த்தாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போதே உனக்கு ஒரே பேச்சுதான். என்றைக்காவது உன் நாட்டுக்கு வெளியுறவு மந்திரி ஆகவேண்டும். சாயங்காலம் சன்னதித் தெருவில் பூ வாங்கும்போதும் அதே பேச்சு. "முதல்ல வார்டன்கிட்ட அவுட் பாஸ் வாங்குடி, அப்புறம் வெளிநாட்ட கவனிக்கலாம்" என்பேன். நீ சிரிப்பாய். ஆனால் விளையாட்டாக நீ அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தமிழ் உனக்கு அரைகுறையாகத்தான் வந்தது. நம் தலையாட்டல் மட்டும் முழுசாக வந்துவிட்டது. ஆமாவும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் தோளுக்குத் தோள் ஒரு ஆட்டு ஆட்டுவோமே, அது. ஊருக்குத் திரும்பி வெளியுறவு வேலையில் சேர்ந்தாய். கோட்டுப் போட்ட ஆண்கள் நடுவே நீ ஒருத்திதான் பெண். ஒரு பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்புக்காரர் நீ ஒத்துக்கொண்டாயா மறுத்தாயா என்று புரியாமல் தவித்து, கடைசியில் தானாகவே இறங்கி வந்தாராம். எல்லாம் சிதம்பரத்துப் படிப்பு என்று எனக்கு எழுதியிருந்தாய். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம் டெல்லிக்கே தூதராக வந்தாய். சுனாமிக்கு மறு வருஷம் எங்கள் கடலூரைப் பார்க்க வந்தாய். எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் மீன் விற்கிற இடம், அப்புறம்தான் மாலை மரியாதை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாயே! உன் அம்மா கரையில் மீன் விற்று உன்னைப் படிக்க வைத்தவள் என்பது அதிகாரிகளுக்கு எங்கே தெரியும்? விடிந்தும் விடியாமலும் உன்னையும் என்னையும் துறைமுகத்துக்குக் கூட்டி வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ஏலக்காரர் விலை கூறிக்கொண்டே போனார். ஒரு கூடை சங்கரா மீன். அவர் உன் முகத்தைப் பார்த்து ஒரு விலை சொல்ல, நீ ரசித்துக் கேட்கிற பாவனையில் தலையை ஆட்டினாய். அவர் விலையை ஏற்றினார். நீ இன்னும் அழகாக ஆட்டினாய். "முடிஞ்சுது! தலப்பா கட்டின அம்மாவுக்கு!" என்று கூடையை உன் காலடியில் தள்ளிவிட்டார். உலகமெல்லாம் செல்லுபடியான வித்தை, கற்ற ஊரிலேயே உன்னைக் கவிழ்த்துவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. அந்தக் கூடைக்காகக் காத்திருந்த தேவனாம்பட்டினத்துக் கஸ்தூரி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உன் எதிரே வந்து நின்றாள்.

"யாரும்மா நீ? காருல வந்து எறங்கி என் கூடைய தூக்கிகினு போறியே, நான் இன்னிக்கி எத விக்கறது?"

போலீஸ்காரர் குறுக்கே வந்தார். நீ அவரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, கூடையைக் கஸ்தூரியிடம் நகர்த்தி, அந்த ஈரத் தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். பட்டு அங்கி பாழானது. அவள் சொல்லச் சொல்ல நான் உனக்கு இங்கிலீஷில் சொன்னேன்.

"சமுத்திரம் எங்க வூட்டுக்காரர எடுத்துகிச்சும்மா. அதுக்காக அத வுட்டுட்டு இருக்க முடியுமா? எங்கள கரையிலேர்ந்து கெளப்பி உள்ள தள்ளி கொண்டுபோய் வச்சிருக்காங்க. கரையில இருந்தா படகு வர்றது தெரியும். இப்ப ஷேர் ஆட்டோ புடிச்சு வர்றதுக்குள்ள பாதி நாளு ஏலமே முடிஞ்சுடுது. நல்லதுன்னு நெனைச்சுதான் செஞ்சாங்க. யாரும் எங்கள ஒரு வார்த்த கேக்கல."

இந்தத் தடவை நீ தலையை ஆட்டவில்லை.

டெல்லி வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்த் தேர்தலில் நின்றாய், ஜெயித்தாய், மீன்வள மந்திரியானாய். போனில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்கள். அதன் பிறகுதான் உங்கள் ஊரில் ஒரு துறைமுகத் திட்டம் வந்தது. உன் அம்மா மீன் விற்ற கரையிலிருந்தே ஜனங்களைக் கிளப்பி, உள்ளே கொண்டுபோய் வைக்கவேண்டும். உன் கையெழுத்து வேண்டும். போட்டால் அடுத்து வெளியுறவு மந்திரி நீதான் என்று மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். நீ ஆயுசு பூராவும் கேட்ட பதவி.

ஒரு காலையில் கூப்பிட்டாய். "வசந்தா, அந்த மீன்காரம்மா சொன்னத திரும்ப சொல்லு. தமிழ்லயே சொல்லு." சொன்னேன். நீ கடைசிவரை கேட்டாய். பிறகு போனை வைத்துவிட்டாய்.

கொஞ்ச நாள் கழித்து நீ கூப்பிட்டபோது எடுத்த எடுப்பில், "போச்சு" என்றாய், நல்ல தமிழில். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சபையில் எழுந்து சொன்னதும் மந்திரி பதவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. சுயேச்சையாக நின்றாய், தோற்றாய். ஆனால் உன் பேச்சால் கிளம்பிய சத்தத்தில் திட்டமும் நின்றுபோனது. கஸ்தூரியிடம் இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். தன்னால்தான் என்று அவள் மனசு கஷ்டப்படுவாளாம். உன் மனசு கஷ்டப்படவில்லையாடி? தனியாக உட்கார்ந்து ஒரு நாளாவது அழுதாயா? நான் கேட்கவே இல்லை. இனி யாரிடம் கேட்பேன்?

இங்கே போன டிசம்பரில் பெரிய புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. என் வீட்டு முருங்கையும் போயிற்று. நான் டீச்சர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, சும்மா இருக்கத் தெரியாமல் பேரனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கஸ்தூரி இன்னமும் கரையை விட்டுத் தள்ளி, உள்ளேதான் இருக்கிறாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறாள்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ போனபிறகு எனக்குச் சத்தியமாவது மண்ணாவது. தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொன்னதுக்கா? நான் சும்மா பொலம்புனேன் டீச்சர். எத்தினி பேரு வந்தாங்க, எல்லார்கிட்டயும் அதயேதான் பொலம்புனேன்."

அப்புறம் கேட்டாள், "அவங்கூர்ல அந்த சனங்க எங்க இருக்காங்க இப்ப?"

"கரையிலதான்."

"கரையிலயேவா?" என்று மறுபடி கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். உனக்காகவா, தனக்காகவா, தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கடல் தாண்டிப் போன அவள் பேச்சு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை அங்கே மனு நாள். கஸ்தூரியோடு நானும் வரிசையில் நிற்பேன். அவள் பேசட்டும். யாராவது கேட்காத மாதிரி ஃபைலைப் புரட்டினால், அவள் சொன்னதை நான் திரும்பச் சொல்வேன், உனக்குச் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை விடாமல். கரையில் அவளுக்கு ஓர் இடம் கிடைக்கிறவரை திங்கட்கிழமைகளில் எனக்கு வேறு வேலை கிடையாது. இது உன்மேல் சத்தியம், இதை மீறமாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
வசந்தா
மஞ்சக்குப்பம், கடலூர்