காணாமல் போன நூறு கேட்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

சிப்புக்குள் சிக்னலுக்கு எவ்வளவு தாமதம் என்று அளந்து கொடுத்தால் உங்கள் ஆபரேஷனுக்கு லீவு என்றிருந்தான் மேலாளர், எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் புரட்டும் ‘கேட்டு’ என்ற குட்டிச் சுற்றுகள் நூறை வரிசையாகக் கோத்தேன். இரண்டு முறை புரட்டினால் பழையபடிதானே என்று, வரைந்ததைச் சிப்பில் ஏற்றும் மென்பொருள் அத்தனையையும் நீக்கிவிட்டது; அது தெரியாமல் அளந்துவிட்டேன்.

“என்ன சார், வெறும் ஒயரையா அளந்தீங்க?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தான்.

ஒவ்வொரு கேட்டுக்கும் ‘இதைத் தொடாதே’ என்று குறிப்பெழுதி, சிப் பொருத்திய போர்டு ஒன்றில் மறுபடி அளந்தேன். சரியாக வந்தது. “ஒரு போர்டு போதுமா சார்? இன்னும் ஒன்பது இருக்கே” என்கிறான்.

வர முடியாது, அப்பா. ஆஸ்பத்திரியில் தம்பி கையெழுத்துப் போடட்டும். எங்களுக்குள் பேச்சில்லை, நீங்களே அவனிடம் சொல்லுங்கள். லேபில் கூப்பிடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அவனையே எனக்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள், எடுப்பேன்.

மூத்தவன்