பாஸ்டர் வராத ஞாயிறு

அன்புள்ள அப்பா, அம்மா,

ஒரகடத்திலிருந்து உங்கள் மகள் கிரேஸ்லின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். அப்பாவின் தொண்டை வலி தேவலையா? சபையில் மைக் இல்லாமல் பேசாதீர்கள். நான் சுகம்.

போன ஞாயிறு, ஜெபத்துக்கென்று இங்கே வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில் நடக்கும் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்துக்கு பாஸ்டர் வரவில்லை. அவருக்குக் காய்ச்சல். எல்லாரும் கிளம்பப் பார்த்தார்கள். நான் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் பேச்சிராஜ் அண்ணன், "பொம்பளப்பிள்ள பிரசங்கம் பண்ணுறதா?" என்றார்.

"எங்க தாத்தா சைக்கிள்ல ஊர் ஊராப் போயி ஊழியம் செஞ்சாரு. இப்ப எங்க அப்பாவும் அம்மாவும் சேந்துதான் சபைய நடத்துதாங்க. நான் அந்த வீட்டுப் பிள்ளண்ணே" என்றேன்.

வசனத்தை வாசித்துப் பேசி முடித்தேன். பிறகு அவரே தன் மனைவியின் பிரசவத்துக்காக என்னை ஜெபிக்கச் சொன்னார். இனி பாஸ்டர் வராத வாரமெல்லாம் நான்தான் பேசப்போகிறேன்.

அம்மா, கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். காலையில் நீங்கள் பாடுவதையும் போனில் பதிந்து அனுப்புங்கள். ஷிப்ட் முடிந்து வரும்போது நான் தங்கியிருக்கும் அறையில் யாரும் இருப்பதில்லை.

என்னைப் பெண் பார்க்க வரப்போவதாக நீங்கள் சொன்ன நம் ஊர்ப் பக்கத்து பாஸ்டர் வீட்டாரிடம், பெண்ணும் பிரசங்கம் பண்ணுவாள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சம்மதமென்றால் வரட்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

கிரேஸ்லின்