வேப்பிலை கட்டின கார்

நைனார்பாளையம்
4.10.87

அன்பு மகன் சுபாஷுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க ஏரிக்கரை அம்மன் துணை. உன் கடிதம் தபாலாபீசிலேயே படுத்துத் தூங்கிவிட்டு நேற்றுதான் எழுந்து வந்தது. இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கம் முழுக்க ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை, தபால் இல்லை, பிடுங்கின மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்ற வழியில்லாமல் கொல்லையிலேயே கறுத்துப் போச்சு. சின்னசேலத்துக்கு நடந்து நடந்து எனக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. தைலம் தேய்க்கிறேன் என்று உட்கார்ந்த உன் அம்மா ஆண்டாள் என் காலையே தலையணையாக வைத்துப் பட்டப்பகலில் தூங்கிவிட்டாள், அசைக்காமல் எழுதுகிறேன், எழுத்து கோணினால் அவளைக் கேள்.

நவம்பர் லீவில் நீயும் ரூம்காரர்களும் வாடகைக் கார் எடுத்து சலாலா போகப் போவதாக எழுதியிருந்தாய். ஓட்டல் செலவு வேண்டாம் என்று காரிலேயே படுக்கை, டிக்கியில் ஸ்டவ், ராத்திரியும் மாற்றி மாற்றி ஓட்டுவது, வாடகை இன்னும் குறைய வழியில் ஆள் ஏற்றிக்கொள்வது, போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் வாந்தி எடுத்த பயல் பாலைவனத்தில் கார் ஓட்டப் போகிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரிய உன் தங்கை செல்வி சங்கதியைக் கேள், கடைசி வரியைத் திருட்டுத்தனமாகப் பார்க்காமல் முறையாகப் படி.

மறியல் தொடங்கின மறுநாள் செந்தமிழ்ச்செல்விக்கு வலி கண்டுவிட்டது. காசிநாதன் அம்பாசிடரைக் கூப்பிட்டால், பெட்ரோல் கிடைக்காத நேரம், நாலு ஆள் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பேன் என்றான், எனக்கும் வாடகை குறையுமே என்று இருந்தது. அவன் நின்று நின்று ஆள் ஏற்றினான், ஒருத்தர் மடியில் கோழி வேறு, உன் தங்கை கதவோரம் நசுங்கிக்கொண்டு வந்தாள். போகிற வண்டியெல்லாம் கொடி கட்டிக்கொண்டு போவதைப் பார்த்த உன் அம்மா, நமக்கு ஏது கொடி, பச்சையாக ஏதாவது தெரிந்தால் விட்டுவிடுவார்கள், ஆத்தாளும் காப்பாள் என்று கிளம்பும்போதே ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துக் காரின் முன்னால் கட்டிவிட்டாள்.

சின்னசேலம் தாண்டி ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் நமக்குச் சொந்தம், அரிவாளோடு முன்னால் நின்றது உன் சித்தப்பா முறை ராஜாங்கம். பிள்ளைத்தாச்சி என்றால் வழி விடுவார்கள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஓடி வந்து மரத்தை நகர்த்துவார்கள் என்று பார்த்தால், வேப்பிலையைக் கண்டதும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். வண்டிக்குள் அம்மை கண்ட உடம்பு இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ராஜாங்கம் தூரத்திலிருந்தே கும்பிட்டு, "இன்னாண்ணா நீ, ஆத்தா வந்த புள்ளய வூட்ட வுட்டு வெளிய கொண்டாரலாமா, வண்டிய திருப்பு" என்கிறான். ஒருத்தி ஓடிப்போய் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து டயருக்கு ஊற்றினாள். கோழிக்காரர் அம்மை என்று காதில் விழுந்ததும் இறங்கி ஓட, மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள், அந்த வேப்பிலை செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், உன் தங்கை காலை நீட்டிக்கொண்டாள். நான் எடுத்துச் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை, இலையைப் பிய்க்கப் போனால் என்னை அடிக்க வருகிறார்கள். கடைசியில் அவளே ஜன்னலில் தலையை நீட்டி, "சித்தப்பா, எனக்கு அம்மை இல்ல, நான் அம்மாவாவப் போறன், மரத்த எடு" என்றாள்.

அப்புறம்தான் அரிவாளைப் போட்டுவிட்டு வந்தான். மரம் அசையவில்லை, கொஞ்சம் சின்ன மரமாகப் பார்த்து வெட்டியிருக்கக் கூடாதா என்றேன், தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்துத் தோளில் தூக்கி மரம் தாண்டி, அந்தப் பக்கம் மாட்டுவண்டியில் ஏற்றி, அடுத்த மரத்தில் மறுபடி இறக்கித் தூக்கி, இப்படியே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது ராஜாங்கம்தான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அவனைத்தான் இப்போது போலீஸ் தேடுகிறது, கல்வராயன் மலையில் யார் தினைக் கொல்லையிலோ கிடக்கிறான், அவன் மாடுகளுக்கும் நான்தான் தண்ணீர் காட்டுகிறேன். அலுத்துப் போச்சுடா.

உன்னைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை, போய் வா. முன்பின் தெரியாதவர்களை ஏற்றாதே, நாலு பேர் காரில் நாலு பேரே போங்கள். இருட்டினால் நிறுத்திவிடு, ரோட்டில் ஒட்டகம் படுத்திருக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அது உனக்குச் சித்தப்பா முறை இல்லை, சொன்னதும் எழுந்திருக்க. காரில் படுத்தால் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வை, ஸ்டவ்வை வெளியே இறக்கிப் பற்றவை, பெட்ரோலும் தண்ணீரும் கண்ட இடத்திலேயே நிரப்பிக்கொள். அங்கே வலது பக்கம் ஓட்டணுமாமே, சோறு தின்கிற கைப்பக்கம் என்று நினைவு வைத்துக்கொள், அந்தக் கையை நீ மறக்கமாட்டாய்.

குழந்தைக்குத் தை மாசம் காது குத்தலாம் என்றார்கள். நீ வர முடியாவிட்டால் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று நானும் சொன்னேன், செல்வி ஒத்துக்கொள்ளவில்லை, எத்தனை வருஷம் ஆனாலும் அண்ணன் மடிதான் என்றுவிட்டாள். உன் மருமகள் அதுவரைக்கும் வெறுங்காதோடுதான் இருப்பாள். காரைத் திருப்பிக் கொடுத்த அன்றே இரண்டு வரி எழுதிப் போடு. குலம் விளங்க நல்லா இரு. கார் கீறினால் கார்க்காரன் பார்த்துக்கொள்வான், மடி பத்திரம்.

உன் அப்பா,
சுப்புராயன்
(அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை, கால் மரத்துப் போச்சு. இந்த மரத்தைத் தூக்கவும் ராஜாங்கம்தான் வரணும்.)