‘கூறுகிறார்’ என்று அச்சிட்டிருந்தார்கள்

என்னங்க,

உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கடிதம் எழுத உட்கார்ந்தாலும் இந்த ஒரு சொல்தான் வருகிறது. நீங்கள் மௌத்தாகி, என்னை விட்டுப் போன பிறகு நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். உங்கள் பெயரில் நடந்தது, உங்களுக்குத் தெரியாமல்.

அப்போது நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த மாதங்களை எப்படிக் கடப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மேடவாக்கத்திலிருந்து நம் மகள் வருவாள். டிராஃபிக்குக்குப் பயந்து வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு கீழ்க்கட்டளை வீட்டில் நானும் உங்கள் குரலும்தான்.

கண் மங்கிய பிறகு நீங்கள் சொல்லச் சொல்ல நான் கட்டுரை எழுதினேனே, அந்தக் குரல். "ரேஷன் பொருளுக்குப் பதிலாக, காற்புள்ளி, அதன் மதிப்பை ஏழைகள் கையில் பணமாகவே கொடுத்துவிடலாம், முற்றுப்புள்ளி." வாக்கியத்தோடு புள்ளிகளையும் சொல்லிவிடுவீர்கள். குக்கர் விசிலுக்கும் தெருவில் தண்ணீர் லாரி போடும் சத்தத்துக்கும் நடுவே அந்தக் ‘காற்புள்ளி’ இப்போதும் கேட்கிறது. கரண்டியோடு திரும்பிப் பார்க்கிறேன். கூடத்தில் யாருமில்லை. ஆனாலும், யாரோ அடுத்த வார்த்தையை யோசித்துக்கொண்டிருப்பது போல ஒரு மௌனம்.

பட்ஜெட் நாள் வந்தது. தாம்பரம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலத்திலிருந்தே அன்றைக்கு உங்களுக்குப் பத்திரிகைகளிலிருந்து போன் வருமே, இந்த வருஷமும் வந்தது.

"சார் இருக்காரா மேடம்?" புதுப் பையன். பின்னால் ஒரே இரைச்சல்.

"அவர் மௌத்தாயிட்டாருப்பா."

அந்தச் சொல் புரியாமல், நீங்கள் எங்கோ வெளியே போயிருப்பதாக அவன் எடுத்துக்கொண்டான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. "சரி மேடம், பரவாயில்ல. ரேஷனுக்குப் பதிலா காசு குடுக்கலாமான்னு மறுபடி பேச்சு வருது. நீங்களே ரெண்டு வரி சொல்லிடுங்க" என்றான்.

என் கருத்தைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் யார் கேட்டார்கள்? நான் சொன்னேன். சோற்று மேசையில் உங்களோடு எத்தனையோ முறை மல்லுக்கட்டிய அதே விஷயம். பணம் ஆண்களின் சட்டைப்பைக்குள் போகும். அரிசி அடுப்புக்கு வரும். விலை ஏறினால் பணம் சுருங்கும், அரிசி சுருங்காது. பேசப் பேச என் வாக்கியங்கள் உங்கள் நடையில் விழுவதை நானே கேட்டேன். முடிவில், பழக்கதோஷம், "முற்றுப்புள்ளி" என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் உங்கள் பழைய போட்டோ. உங்கள் பெயர். அதன் கீழே என் வார்த்தைகள். கடைசியில், ‘என்று கூறுகிறார்.’

கூறினார் என்றில்லை. கூறுகிறார். உங்களை இந்த வீட்டிலிருந்துதானே தூக்கிக்கொண்டு போனார்கள்? பேப்பரை மடிக்கவும் முடியவில்லை, விரித்தபடி விடவும் முடியவில்லை.

முதலில் போன் செய்தது சுந்தரம் சார். உங்களோடு ஒரே துறையில் வேலை பார்த்து, ரேஷன் விஷயத்தில் ஒரு நாள்கூட உங்களோடு ஒத்துப்போகாத அதே சுந்தரம் சார்தான்.

"ஜமீலாம்மா, அவனுக்கு மண்ணு போட்ட கை இது. காலைல பேப்பரைப் பிரிச்சா பேசறான்! எப்பவோ சொல்லி வெச்சதா? கடைசில என் பக்கம் வந்துட்டானா?"

அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தையும் சந்தோஷத்தையும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார்.

"இல்ல சார். அது நான் சொன்னது. பையன் தப்பாப் புரிஞ்சிக்கிட்டான்."

"அப்ப அவன் மாறல" என்றார்.

"மாறல சார்."

"அப்படின்னா திருத்தம் போடச் சொல்லும்மா. நான் ஒத்துக்கற கருத்துதான். ஆனா அவன் பேர்ல அது நிக்கக் கூடாது. உயிரோட இருந்தா விட்டிருப்பானா?"

அன்றே பத்திரிகைக்கு எழுதினேன். நீங்கள் காலமானதை, பணமாகக் கொடுப்பதையே நீங்கள் கடைசிவரை ஆதரித்ததை, அதற்கு நீங்கள் சொன்ன காரணங்களை, மாற்றுக் கருத்து என்னுடையது என்பதை. பெட்டிச் செய்தியாக வருத்தம் தெரிவித்தார்கள். நீங்கள் காலமானதை மட்டும் போட்டார்கள். கருத்து யாருடையது என்ற பகுதிக்கு இடமில்லையாம். ஆக, நீங்கள் கடைசியாகச் சொன்னதாக ஊருக்குத் தெரிந்தது, நீங்கள் சொல்லாத ஒன்று.

அந்த வாரம் மீன் கொண்டுவரும் அஞ்சலையும் கேட்டாள். கோவளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள்.

"யம்மா, சார் போட்டோ பேப்பர்ல வந்துகீதாமே. இன்னா சொல்லிகீறாரு?"

படித்துக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"காசு வாணாம்னா சொன்னாரு? எங்க ஊர்ல ரேஷன் கடை தொறக்கற நேரத்துல நான் இங்க மீன் வித்துகினு கீறேன். அரிசிய யாரு போய் வாங்கறது? காசா குட்த்தா போற வழியில வாங்கிகினு பூடுவேன்."

"உன் வூட்டுக்காரர் புடுங்கிக்க மாட்டாரா?"

"அரிசிய மட்டும் வுட்டானா? ஒரு தபா பையோட தூக்கினு போய் வித்துட்டான், பேமானி." பிறகு அவளே யோசித்தாள். "ஆனா அரிசி வெல ஏறிட்ச்சினா? அப்பவும் இதே காசுதான் குடுப்பாங்களா?"

அந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. "நல்ல கேள்வி" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருப்பீர்கள். நான் ஜெயித்துவிட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்த இடத்தில் அவள் பாதி உங்கள் பக்கம் நின்றாள், பாதி என் பக்கம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? நீங்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தானுக்குள் நம் வழக்கப்படி பெண்கள் போவதில்லை. இத்தா முடிந்த பிறகு பஸ்ஸில் போகும்போது அதன் சுற்றுச்சுவர் வரும், போகும். சுவரைப் பார்த்து ரேஷன் பற்றி நினைக்கும் பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். என் பெயரில், என் கட்டுரை. நியாயமாக இருக்கட்டும் என்று உங்கள் தரப்பை முதலில் எழுதினேன். கடைக்கும் கிடங்குக்கும் நடுவே காணாமல் போகும் மண்ணெண்ணெய், ஏழைக்கு எது வேண்டும் என்று ஏழையே தீர்மானிக்கட்டும் என்ற உங்கள் பிடிவாதம், எல்லாமே. எழுதி முடித்துப் படித்தேன். கூடத்தில் அந்த மௌனம் இருந்தது. காற்புள்ளி எதுவும் கேட்கவில்லை.

என் தரப்பைவிட உங்கள் தரப்பு நன்றாக வந்திருக்கிறது. அதற்குப் பதில் என்னிடம் இன்னும் இல்லை. நிஜமாகவே நீங்கள் சொன்னதுதான் சரியா? அல்லது எதிர்த்துப் பேச ஆளில்லாமல் என் பேச்சு இளைத்துவிட்டதா?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். சரியான பதில் கிடைக்கும்வரை என் கட்டுரையை அச்சுக்கு அனுப்பமாட்டேன். கிடைக்காமலே போனால், நீங்கள்தான் சரி என்று நான் எழுதுவேன். உங்கள் பெயரில் இல்லை, என் பெயரில்.

உங்களோடு கடைசிவரை ஒத்துப்போகாத,
உங்கள் மனைவி
ஜமீலா