தண்ணீருக்கு 831

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் வல்லக்கோட்டை திருப்பத்தில் இருபது நிமிடம் நின்றது. முன்னால் கன்டெய்னர் லாரி. இறங்கும்போது செருப்பு வார் வேறு அறுந்தது.

பஸ்ஸில் இருக்கும்போது சித்தி போன். "சேத்தை எடை போட ஒரு தராசு, அதுக்கு ஒரு ஃபேக்டரியாடி?" ஆமாம் சித்தி. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே விடுகிற சேறு. கனம் குறைந்தால் கீழேயிருந்து கேஸ் பீறிட்டு வரும். கூடினால் பாறை பிளந்து சேறெல்லாம் அதற்குள் போய்விடும். சொல்லி முடிப்பதற்குள் அங்கே குக்கர் விசில்.

இன்றைய வேலை: இரண்டாவது லாட், நாற்பது தராசு. தண்டின் ஒரு பக்கம் பழைய அளவுகள். ஆயிரம் அடிக்கு எத்தனை பிஎஸ்ஐ அழுத்தம், காலனுக்கு எத்தனை பவுண்டு. மறுபக்கம் இந்தப் பார்ட்டி புதிதாகக் கேட்டது, கன மீட்டருக்கு எத்தனை கிலோ. பிஎஸ்ஐயை 52-ஆல் வகுத்தால் பவுண்டு. அதிலிருந்து கிலோ. எக்செல் ஷீட் இருக்கிறது, கவலை இல்லை.

நவ. 11, செவ்வாய்

டெஸ்டிங் பெஞ்சில் கலா அக்கா. கிண்ணத்தில் தண்ணீர், பவுண்டு பக்கம் 8.33, டிக். பதினோரு வருடமாக இதே. கூரை ஒழுகியதால் இன்று நான் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். கிலோ பக்கம் கண்ணில் பட்டது. 831.

தண்ணீர் என்றால் ஆயிரம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"அக்கா, இந்தப் பக்கம் பாத்தீங்களா?"

"அத்த எதுக்குமா பாக்கணும்? பவுண்டு கரெக்டா கீது. டிக்கு போட்டுக்கினே போறேன்."

அவரைத் திட்டவும் முடியாது. டெஸ்ட் தாளில் பவுண்டுக்கு மட்டும்தான் கட்டம். தாளைப் போட்டது ஆபீஸ்.

அடுத்த தராசு, 831. அதற்கடுத்தது, 831. ஒன்பது பார்த்தேன். ஒன்பதும் ஒற்றுமையாகத் தப்பு.

டிசைன் செக்‌ஷன் மேல் பாய்வதற்குத் தயாராக ஷீட்டைத் திறந்தேன். ஒரு காலன் 4.546 லிட்டர் என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலாந்து காலன். கிணறு தோண்டுகிறவர்களுக்கு அமெரிக்கக் காலன், 3.785. அதனால் 650 பிஎஸ்ஐ சேற்றுக்கு 1498 வரவேண்டிய இடத்தில் தண்டில் 1247 என்று வெட்டியிருக்கிறோம். கடைசியாகத் திருத்தியவர் பெயர்: ரேவதி.

நான்தான். சனியன்.

நவ. 12, புதன்

மழை இல்லை. தூக்கமும் இல்லை.

மேனேஜர் சாரிடம் சொன்னேன். "ஸ்டிக்கர் ஒட்டிடலாம்" என்றார். ஒரு கழுவலுக்குத் தாங்காது சார். அரை மணி நேர வாதம். கடைசியில் நாற்பது தண்டும் மறுபடி வெட்ட ஒப்புக்கொண்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆனால் முதல் லாட்? பன்னிரண்டு தராசு போன மாதமே போய்விட்டது.

"கம்ப்ளைன்ட் வரலியே. வந்தா பாத்துக்கலாம். நீயா போய் வாயக் குடுக்காத."

வரும். கம்ப்ளைன்டாக வராது. தராசு குறைத்துக் காட்டும். கனம் போதவில்லை என்று அங்கே ஒருவர் மூட்டை மூட்டையாகப் பவுடரைக் கொட்டுவார். கீழே பாறை பிளக்கும். மேலே நிற்பது மனிதர்கள். பன்னிரண்டு சர்டிஃபிகேட்டிலும் என் கையெழுத்து.

எரிச்சல். ஸ்டிக்கர் மேல், கட்டம் இல்லாத தாள் மேல், இரண்டு விதக் காலன் வைத்திருக்கிற உலகத்தின் மேல். அதிகம் என் மேல்தான்.

வாங்க: செருப்பு, கால்குலேட்டர் பேட்டரி, தலைவலி மாத்திரை.

நவ. 13, வியாழன்

பார்ட்டிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். மே.சாருக்கும் ஒரு நகல். நாலே வரி. பன்னிரண்டு சீரியல் நம்பர், கிலோ பக்கத்தை நம்ப வேண்டாம், தவறு என்னுடையது.

மே.சார் என் மேஜையை மூன்று முறை தாண்டிப் போனார்.

கேன்டீனில் கலா அக்கா தன் டப்பாவிலிருந்து லெமன் சாதம் எடுத்து வைத்தார். "இன்னா ஆயிடும்? வேல போவும், அவ்ளோதான? துன்னுமா." ஆறுதல் சொல்கிறாராம்.

பதில் மெயில் இல்லை. இருபது தடவை பார்த்தாயிற்று.

நவ. 14, வெள்ளி

மறுபடி மழை. மூன்று மணிக்கு போன். பார்ட்டியின் கிணற்றில் சேற்றைக் கவனிக்கிற இன்ஜினியர். மதுரைப் பக்கத்துக் குரல்.

"மேடம், பதறாதீங்க. தராசு புதுசா வந்தா தண்ணி ஊத்தி ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் நாங்க கையில எடுப்போம். 831 காட்டுச்சு. பன்னெண்டையும் அன்னைக்கே ஓரங்கட்டிட்டோம். உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன், வேலையில விட்டுப்போச்சு."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். நன்றி சார், நன்றி சார் என்று எத்தனை முறை சொன்னேனோ.

"தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். நீங்க அனுப்புறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் பாக்க மாட்டீங்களா?"

பார்ப்போம் சார் என்றேன். போனை வைத்ததும் டெஸ்ட் தாளை எடுத்து, பவுண்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில் கிலோவுக்கும் ஒரு கட்டம் போட்டேன்.